ஏரிக்கு எத்தனை பேர்? மராமத்து இலாகாவின் ஆள் கணக்கு

ஓர் ஏரி உடைந்தது என்று செய்தி வந்தால் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அதிகாரிகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?" நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்த ஏரியைப் பார்த்துக்கொள்ள எத்தனை பேர் இருந்தார்கள்? அந்த எண்ணிக்கையை யார், எந்தக் கணக்கை வைத்து முடிவு செய்தார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு விழுப்புரம் மாவட்டம் பொருத்தமான இடம். தென்பெண்ணைக்கு வடக்கே, திருக்கோவிலூருக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் இருக்கிறது முகையூர். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். இந்த வட்டாரம் முழுக்க ஏரிப் பாசன பூமி. ஆற்றின் குறுக்கே 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய திருக்கோவிலூர் அணைக்கட்டிலிருந்து பம்பை வாய்க்கால், மலட்டாறு, இராகவன் வாய்க்கால் எல்லாம் பிரிந்து போய் ஏரிகளை நிரப்புகின்றன. ஓர் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் போதும், கீழே இருக்கிற ஏரிகளுக்கும் ஆபத்துதான். ஆகவே இங்கே ஆள் கணக்கு என்பது அலுவலகத்துக்குள் முடிந்துபோகிற விஷயம் இல்லை.

ஊர் வைத்திருந்த ஆட்கள்

ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பது தமிழ்நாட்டில் மிகப் பழைய பழக்கம். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறைக்காகப் பள்ளிக்கூடப் பாடப் புத்தகங்களில் இடம்பெற்றவை. அதே கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்று ஒரு குழுவும் வருகிறது. ஏரிக்கென்றே தனிக் குழு! ஏரியின் பராமரிப்புக்காக விட்ட நிலத்துக்கு ஏரிப்பட்டி என்று பெயர்.

பிற்காலத்தில் இந்த வேலையைச் செய்தவர்கள் நீர்கட்டிகள். சில இடங்களில் கம்புகட்டி என்றும் சொல்வார்கள். மதகைத் திறப்பது, மூடுவது, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று பார்ப்பது, மழைக்காலத்தில் கரையில் நடந்து நண்டு வளை, எலி வளை இருக்கிறதா என்று பார்ப்பது, ஆபத்து என்றால் ஊரைக் கூட்டுவது... இதுதான் அவர்கள் வேலை. கூலி களத்தில் அளக்கும் நெல். சில ஊர்களில் மானிய நிலமும் உண்டு. 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டுப் பகுதியை அளந்த பர்னார்டு என்ற ஆங்கிலேயரின் ஆவணங்களில், விளைச்சலில் ஊர்ப் பணியாளர்களுக்கும் ஏரிக்கும் ஒதுக்கிய பங்குகள் ஊர் ஊராகப் பதிவாகியிருக்கின்றன.

இதைப் பொற்காலம் என்று சொல்லிவிடக் கூடாது. வட தமிழ்நாட்டில் நீர்கட்டி வேலையைப் பரம்பரையாகச் செய்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். இரவிலும் மழையிலும் கரையில் நின்றவர்களுக்கு அந்த ஏரியின் ஆயக்கட்டில் சொந்த நிலம் இருந்தது அபூர்வம். வேலையை வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் இல்லை. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த முறையில் ஓர் ஏரி என்றால் அதற்கென்று ஓர் ஆள் இருந்தார்.

கம்பெனி காலம்: 53,000 ஏரிகள்

மராமத்து என்ற சொல் அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்தது. பழுது பார்த்தல் என்று பொருள். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் ஏரிப் பழுது பார்க்கும் வேலை வருவாய் வாரியத்தின் கீழ் இருந்த மராமத்து இலாகாவிடம் இருந்தது. கலெக்டரும் தாசில்தாரும்தான் நிஜத்தில் அதைப் பார்த்தார்கள். வரி வசூலுக்குப் போகிற நேரம் போக மிச்ச நேரத்தில்! எஞ்சினீயர்கள் மிகச் சிலர். ஒரு சிவில் எஞ்சினீயர் தலையில் பல ஜில்லாக்கள்.

அப்போது வேலை எவ்வளவு இருந்தது தெரியுமா? சென்னை மாகாணத்தின் பாசனத்தைப் பற்றி 1856-இல் புத்தகம் எழுதிய பெயர்ட் ஸ்மித் என்ற ராணுவப் பொறியாளர் ஒரு கணக்குத் தருகிறார். 14 ஜில்லாக்களில் நல்ல நிலையில் 43,000 ஏரிகள், பழுதான நிலையில் 10,000 ஏரிகள், ஆக மொத்தம் 53,000. கரைகளின் நீளம் சுமார் 30,000 மைல். மதகு, கலங்கல் போன்ற கட்டுமானங்கள் சுமார் 3,00,000. இதை ஒரு பேச்சுக்கு 100 எஞ்சினீயர்களுக்குப் பங்கு போட்டால்கூட ஆளுக்கு 530 ஏரி, 300 மைல் கரை, 3,000 கட்டுமானம் வரும். குதிரையில் போகிற காலம் அது!

ஊர்களின் பங்கைக் கம்பெனி வரியாக எடுத்துக்கொண்டது. பழுது பார்க்கத் திருப்பிக் கொடுத்ததோ கொஞ்சம்தான். 1853-இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இந்தியாவைப் பற்றி எழுதிய கார்ல் மார்க்ஸ், ஆசிய அரசுகளுக்கு நிதி, போர், பொதுப்பணி என்று மூன்று இலாகாக்கள் உண்டு. ஆங்கிலேயர்கள் முதல் இரண்டை எடுத்துக்கொண்டு மூன்றாவதைக் கைவிட்டார்கள் என்று குறை சொன்னார். லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்களுக்கும் இந்தக் குறை எட்டியிருந்தது. அவர்கள் உத்தரவின் பேரில் சென்னையில் அமைந்த பொதுப்பணிக் கமிஷன் 1850-களின் தொடக்கத்தில் அறிக்கை தந்தது. மராமத்து இலாகா, ராணுவ வாரியம், சாலைக் கண்காணிப்பாளர் என்று மூன்று பேரிடம் சிதறிக் கிடந்த வேலைகளை ஓரிடத்தில் சேர்க்க வேண்டும் என்ற யோசனை அங்கிருந்து வலுப்பெற்றது.

1858: இரண்டு பிறப்புகள்

1858-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் பொதுப்பணித்துறை உருவானது. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய சென்னைப் பள்ளியும் அடுத்த ஆண்டு சிவில் எஞ்சினீயரிங் கல்லூரியாக மாறியது. அதுதான் பின்னாளைய கிண்டி பொறியியல் கல்லூரி. துறைக்கு ஆள் வேண்டும், ஆளுக்குப் படிப்பு வேண்டும் என்ற தேவையும் இந்த மாற்றத்தின் பின்னால் இருந்தது.

அதே 1858-இல் இன்னொன்றும் பிறந்தது. அதுதான் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். கரை உடைப்பை அடைக்கவும், குடிமராமத்து வேலைகளுக்கும் ஊர் மக்கள் வந்தே ஆக வேண்டும், வராதவர்களிடம் தண்டம் வசூலிக்கலாம் என்பது அதன் சாரம். ஒரே ஆண்டில் ஒரு கையால் துறையை உண்டாக்கிய அரசு, மறு கையால் ஊரைக் கட்டாயப்படுத்தியது! காரணம் எளிது. புதிய துறையிடம் ஏரிக்கு ஓர் ஆள் என்ற கணக்குக்கு ஆள் இல்லை. அந்த இடைவெளியை ஊரின் இலவச உழைப்பை வைத்து நிரப்பப் பார்த்தார்கள். ஆனால் ஊரின் பங்கு போன பிறகு ஊர் ஏன் வரும்? சட்டம் புத்தகத்தில் இருந்தது, குடிமராமத்து மெல்ல மெல்லத் தேய்ந்தது.

1876-78 பெரும் பஞ்சத்துக்குப் பிறகு 1880-இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை வந்தது. 1883-இல் சென்னை மாகாணத்தில் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. தனிக் குழுக்கள் ஊர் ஊராகப் போய் ஏரிகளை அளந்து, கரை உயரம் எவ்வளவு, மதகு எத்தனை, கலங்கல் எவ்வளவு நீளம் என்று குறிப்பேடு எழுதின. அந்த வேலை பல பத்தாண்டுகள் நீண்டது. நல்ல வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் குழு ஓர் ஏரியைச் சீர் செய்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். போன பிறகு அந்த ஏரியைத் தினமும் பார்க்கப் போவது யார்? இந்தக் கேள்விக்கு அந்தத் திட்டத்தில் பதில் இல்லை.

எதை வைத்து ஆள் கணக்கு?

இங்கேதான் கதையின் முடிச்சு இருக்கிறது. பிரிவு, உபகோட்டம், கோட்டம், வட்டம் என்று பொதுப்பணித்துறை படிப்படியாக அமைந்த துறை. பிரிவுக்கு உதவிப் பொறியாளர், உபகோட்டத்துக்கு உதவி செயற்பொறியாளர், கோட்டத்துக்கு செயற்பொறியாளர், வட்டத்துக்கு கண்காணிப்புப் பொறியாளர். இந்த அலுவலகங்கள் எத்தனை வேண்டும் என்று எப்படி முடிவு செய்வது? ஆண்டுக்கு எத்தனை ரூபாய்க்கு வேலை நடக்கிறது என்பதை வைத்துப் பணிச்சுமையை அளப்பதுதான் இந்தியப் பொதுப்பணித்துறைகளில் வேரூன்றிய வழக்கம். புதிய அணை வந்தால் புதிய கோட்டம். அணை முடிந்தால் கோட்டத்துக்கு வேலை இல்லை, ஆட்களை வேறு இடத்துக்கு மாற்று!

கட்டிடம் கட்டும் துறைக்கு இது சரியான அளவுகோல். ஆனால் ஏரிக்கு? நன்றாக இருக்கும் ஏரிக்குச் செலவே இருக்காது. செலவு இல்லை என்றால் வேலை இல்லை, வேலை இல்லை என்றால் ஆள் வேண்டாம். கரையில் ஒருவர் நடந்து ஓர் எலி வளையை மண் போட்டு அடைத்தால் அதற்கு எஸ்டிமேட் இல்லை, டெண்டர் இல்லை, எம்.புக்கில் எழுத ஒன்றும் இல்லை. அதே வளை பெரிதாகிக் கரை உடைந்தால் லட்சக்கணக்கில் வேலை! ஆக இந்த அளவுகோலின்படி ஏரியைக் காப்பாற்றியவர் வேலை இல்லாதவர், ஏரி உடைந்த பிரிவு வேலை நிறைந்த பிரிவு. விசித்திரமான கணக்கு, ஆனால் நெடுங்காலம் நடந்த கணக்கு.

கரையில் நிற்கும் வேலைக்குத் துறையிலும் ஆட்கள் இருந்தார்கள். லஸ்கர், மேஸ்திரி, மதகுக் காவலர் என்று. ஷட்டருக்கு கிரீஸ் போடுவது, அளவுகோலில் தண்ணீர் மட்டம் பார்த்து எழுதுவது, வாய்க்காலில் குறுக்கே மண் போட்டு அடைப்பவர்களைத் தடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. சிக்கனம் என்று வந்தால் முதலில் கைவைப்பதும் இந்தக் கடைசிப் படியில்தான். 2001 நவம்பரில் தமிழக அரசு புதிய பணி நியமனங்களுக்குத் தடை போட்டது. 2006-இல்தான் அந்தத் தடை நீங்கியது. ஓய்வு பெற்றவர் இடம் அப்படியே காலி. உயர் பதவி காலியானால் கூடுதல் பொறுப்பு என்று ஒருவர் கையெழுத்துப் போட்டுவிடலாம். கரையில் நடக்கும் ஆளுக்குக் கூடுதல் பொறுப்பு கொடுத்தால் இரண்டு கரையில் ஒரே நேரத்தில் நடக்க முடியுமா?

ஏரிகளைப் பங்கு போட்ட கதை

சுதந்திரத்துக்குப் பிறகு ஏரிகளின் எண்ணிக்கை துறைக்குக் கூடியது. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து, ஜமீன் ஏரிகளும் அரசிடம் வந்தன. 1958-ஆம் ஆண்டு பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு சின்ன ஏரிகள் பஞ்சாயத்து யூனியன்களுக்குப் போயின. 40 ஹெக்டேருக்கு (100 ஏக்கர்) மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி துறைக்கு, அதற்குக் கீழ் யூனியனுக்கு என்பது பொதுவான பங்கீடு. தமிழ்நாட்டின் சுமார் 39,000 ஏரிகளில் ஏறத்தாழ 14,000 துறையிடம், மற்றவை பெரும்பாலும் உள்ளாட்சிகளிடம். விழுப்புரம் மாவட்டத்தில் மட்டும் துறையிடம் 500-க்கு மேற்பட்ட ஏரிகள்.

காகிதத்தில் இது சுலபமான பங்கீடு. தண்ணீருக்குத்தான் இது தெரியாது! முகையூர் போன்ற ஓர் ஒன்றியத்தில் மேலே இருக்கிற சின்ன ஏரி யூனியனுடையது, கீழே இருக்கிற பெரிய ஏரி துறையுடையது என்று இருக்கலாம். மேல் ஏரி உடைந்தால் அந்தத் தண்ணீர் கீழ் ஏரிக்குத்தான் வரும். யூனியன் பொறியாளருக்கோ ஏரி பத்தில் ஒரு வேலை. சாலை, பள்ளிக் கட்டிடம், குடிநீர்த் தொட்டி, தொகுப்பு வீடு எல்லாம் அவர் தலையில்தான். 2006-க்குப் பிறகு நூறு நாள் வேலைத் திட்டமும் சேர்ந்துகொண்டது.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரை முன்சீப், கர்ணம் பதவிகளை ஒழித்தது. சமூக நீதிப்படி அது சரியான முடிவு. பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். ஆனால் ஊர் ஏரியின் வரலாறு தெரிந்த ஆள் என்ற இடம் அதோடு காலியானது. பம்புசெட் பரவிய பிறகு விவசாயிகளுக்கும் ஏரியை விடக் கிணறு முக்கியமானது. நீர்கட்டிக்கு நெல் அளப்பது பல ஊர்களில் நின்றது. அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். போகத்தான் வேண்டும்! அந்த வேலையைச் சம்பளமும் மரியாதையும் உள்ள வேலையாக மாற்றாமல் விட்டதுதான் தவறு.

சுமை மட்டும் கூடியது

ஆட்கள் இப்படிக் குறைய, வேலை குறைந்ததா? இல்லை. 2003 அக்டோபர் 2 முதல் ஆற்று மணல் குவாரிகளை அரசே பொதுப்பணித்துறை மூலம் நடத்தத் தொடங்கியது. தென்பெண்ணைக் கரையிலும் பொறியாளர்கள் மணல் லாரிகளைக் கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று. 2005-இல் தகவல் உரிமைச் சட்டம் வந்தது, மனுக்களுக்குக் காலக்கெடுவுக்குள் பதில் தர வேண்டும். 2007-இல் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் வந்தது. நோட்டீஸ், அளவை, கோர்ட்டு வழக்கு எல்லாம் அதே பொறியாளர்தான். இவை ஒவ்வொன்றும் தேவையான சட்டங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றும் பொறியாளரைக் கரையிலிருந்து மேசைக்கு இழுத்தது. ஒரு பிரிவில் 50 ஏரிகள் என்று வைத்துக்கொண்டால், தினம் ஒன்றைப் பார்த்தாலும் ஒரு சுற்று முடிய 50 நாள். வடகிழக்குப் பருவமழையோ மூன்று மாதம்தான். ஆக மழைக்காலத்தில் ஓர் ஏரிக்குப் பொறியாளர் வருவது ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை!

திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 2000-ஆம் ஆண்டு விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டம், உலக வங்கி உதவியுடன் 2007-இல் தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டம், 2017-இல் 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகளுடன் தொடங்கிய புதிய குடிமராமத்து... 2021-இல் நீர்வளத்துறை பொதுப்பணித்துறையிலிருந்து தனித் துறையாகவும் பிரிந்தது. எல்லாவற்றிலும் தூர் வாரப் பணம் இருந்தது, மதகு மாற்றப் பணம் இருந்தது. வேலை முடிந்த மறுநாள் முதல் மதகடியில் நிற்கும் ஆளுக்கு நிலையான சம்பளம் என்பது மட்டும் இல்லை.

தென்பெண்ணை கேட்ட கேள்வி

அண்மைக் கால வரலாறு இதைக் கண்ணெதிரே காட்டியது. தளவானூருக்கும் ஏனாதிரிமங்கலத்துக்கும் நடுவே தென்பெண்ணையில் 25 கோடி ரூபாய்க்கு மேல் செலவு செய்து கட்டிய தடுப்பணை 2020-இல் திறக்கப்பட்டது. 2021 ஜனவரியிலேயே அதன் பக்கச் சுவர் உடைந்தது. பொறியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் 1950 வாக்கில் கட்டிய எல்லீஸ்சத்திரம் அணைக்கட்டு சேதமானது. அதைத் திரும்பக் கட்ட சுமார் 86 கோடி ரூபாய் ஆனது.

2024 டிசம்பர் 1-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், ஃபெஞ்சல் புயலால் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 செ.மீ. மழை கொட்டியது. மறுநாள் அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கனஅடி தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. இவ்வளவு மழைக்கு எத்தனை பேர் இருந்தாலும் சேதத்தைத் தடுத்திருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் எந்தக் கரை தாங்காது என்று முந்தின வாரமே சொல்லவும், எந்தக் கலங்கலில் அடைப்பு என்று காட்டவும், ராத்திரியில் ஊரை எழுப்பவும் ஆள் இருந்தால் சேதத்தின் அளவு மாறும்.

கட்டுமானத்தில் தவறு செய்தவரைத் தண்டிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தண்டனையோடு விஷயம் முடிந்துவிடுகிறதே, அதுதான் குறை. பணியிடை நீக்கம் செய்யப்பட்ட பொறியாளர்கள் எத்தனை பேர் என்பது செய்தியாகிறது. அந்தக் கோட்டத்தில் எத்தனை லஸ்கர் இடம் காலி என்பது செய்தியாவதில்லை.

மற்ற நாடுகளில்

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. இலங்கையில் ஊர்க் குளங்களைப் பார்த்துக்கொண்ட அதிகாரி வெல் விதானை. 1958 நெற்காணிச் சட்டம் அந்தப் பதவியை எடுத்துவிட்டு விவசாயிகளின் குழுக்களை வைத்தது. பழைய அதிகாரம் போனது நல்லது, ஆனால் குளத்துக்குப் பொறுப்பான அந்த ஒரு ஆளின் வேலையைக் குழுவால் எளிதில் ஈடு செய்ய முடியவில்லை.

நெதர்லாந்தோ சுமார் கால் பங்கு கடல் மட்டத்துக்குக் கீழ் இருக்கும் நாடு. அங்கே நீர் வாரியங்கள் பல நூறு ஆண்டுகளாக இருக்கின்றன. வெள்ள காலத்தில் கரையில் நடந்து பார்க்கவே பயிற்சி பெற்ற தன்னார்வலர்களை அவை பெயர் எழுதி வைத்திருக்கின்றன. இன்னார் இந்தக் கரை என்று முன்கூட்டியே பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். எத்தனை இயந்திரம் வந்தும் கரையில் நடக்கும் கண்களை அவர்கள் கைவிடவில்லை.

முடிவாக

ஆயிரம் ஆண்டு வரலாற்றைச் சுருக்கினால் இவ்வளவுதான். ஊர் கையில் இருந்தபோது ஏரியை எண்ணி ஆள் வைத்தார்கள், ஆனால் அந்த ஆளுக்கு உரிமை இல்லை. அரசு கைக்கு வந்தபோது ரூபாயை எண்ணி ஆள் வைத்தார்கள், அதனால் ஏரிக்கு ஆள் இல்லை. இரண்டிலும் நல்லதை எடுத்துக்கொள்ள முடியாதா? துறையின் ஏரியோ யூனியனின் ஏரியோ, மாதச் சம்பளமும் பயிற்சியும் உள்ள ஒரு நீர்கட்டி. சாதி பார்க்காமல், பரம்பரை பார்க்காமல், அந்த ஊர் இளைஞர்களில் ஒருவர். பல கோடி ரூபாய் அணைக்கட்டுகளோடு ஒப்பிட்டால் இது பெரிய செலவே இல்லை.

அடுத்த முறை ஏரி உடைந்து, "அதிகாரிகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?" என்று கேட்கும்போது, "அந்தக் கரைக்கு யார் இருந்தார்?" என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதற்கு ஒரு பெயரைப் பதிலாகச் சொல்ல முடிகிற நாள் வரைக்கும், தூர் வாரிய கணக்கும் கரை பலப்படுத்திய கணக்கும் காகிதத்தில் மட்டுமே சரியாக இருக்கும்.